கேள்வி கேட்டவர்

பிள்ளைக் காம்பராவைப் பூட்டிய அந்தச் சாயங்காலத்திலிருந்து பெற்றீசியாவுக்குத் தன் கைகளின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் அங்கே விட்டுப்போகிற பிள்ளைகளைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவள். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழ விட்டதில்லை. அன்றைக்கு மட்டும், மூலைத் தொட்டிலில் ஒரு குழந்தை தூங்குவதை மறந்து பூட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். தாய் வந்து அலறிய சத்தம் கேட்டு ஓடி வந்து திறப்பதற்குள் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது விழிக்கக்கூட இல்லை.

ஆனால் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை கூப்பிட்டனுப்பி, "டொக்டர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வீட்டுல இருங்க" என்று சொல்லிவிட்டார்.

பதினேழு நாள் ஓடிவிட்டது. இன்று நுவரெலியாவில் கிளினிக்.

இந்தப் பதினேழு நாளும் அந்த வீடு ஒரு பள்ளிக்கூடம் மாதிரிதான் நடந்தது. தலைமை ஆசிரியை, மகள் மெரினா. தலவாக்கலையில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறவள். மறதிக்கு என்னென்ன செய்யலாம் என்று எங்கெங்கோ வாசித்து, யார் யாரிடமோ கேட்டு, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள். சாயங்காலம் வட்டகொடை ஸ்டேஷன் வரைக்கும் நடை. ஒன்பதரைக்கு விளக்கு அணைய வேண்டும், போன் அடுத்த அறையில் கிடக்க வேண்டும். கடைக்குச் சாமான் பெயர்களைத் துண்டில் எழுதிக்கொண்டு போகக் கூடாது. தேத்தண்ணியில் சீனி அரைக் கரண்டி. தினம் புதிதாக ஏதாவது படிக்க வேண்டும் என்பதற்காக, ஐம்பது வயதில் பெற்றீசியா சிங்கள எழுத்துகளைக் கூட்டி எழுதப் பழகினாள்.

கடைசி வரிதான் அவளுக்குப் பிடிக்காதது. சாப்பிட்ட பிறகு, ஒவ்வொருவராக, காலையில் எழுந்ததிலிருந்து நடந்ததையெல்லாம் வரிசை மாறாமல் சொல்ல வேண்டும்.

அதைக் கேட்கும் பொறுப்பை அவள் கணவர் யேசுரட்ணம் தானாகவே எடுத்துக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயது. இருபது வருஷமாகப் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறார். ராத்திரியில் மட்டுமில்லை, நினைத்த நேரமெல்லாம் கேட்பார். இன்று காலை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றாமலேயே ஆரம்பித்துவிட்டார்.

"நேத்து காலையில என்ன சாப்புட்டோம்?"

"ரொட்டி. தேங்காச் சம்பல்."

"முந்தாநாள் வீட்டுக்கு யாரு வந்தா?"

"அழகுமுத்து அண்ணன். ஏணி கேட்டு வந்தாங்க." பெற்றீசியா சேலை மடிப்பைக் குத்திய ஊசியை மறுபடி எடுத்துவிட்டாள். "இன்னைக்கு மட்டும் விட்டுருங்க. அங்க போயி எல்லாத்தையும் மறந்துருவேன் போல இருக்கு."

"மறக்க மாட்ட. நான் பக்கத்துலதான இருக்கப்போறேன்."

கிளினிக்கில் அவர்களுடைய இலக்கம் முப்பத்தொன்று. பதினொரு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள்.

சர்மிளா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த நேர்ஸ், மேசைக்கு எதிரே பெற்றீசியாவை உட்கார வைத்தாள். யேசுரட்ணம் பின்னால் சுவரோரம் இருந்த வாங்கில் உட்கார்ந்தார்.

"அம்மா, அஞ்சு சொல்லு சொல்லுவேன். மனசுல வச்சிக்கிங்க. கொஞ்ச நேரங்கழிச்சி திருப்பிக் கேப்பேன்." நேர்ஸ் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள். "குடை. பாலம். வாழைப்பழம். மணி. நீலம்."

பெற்றீசியா உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். பின்னால் இருந்தவரும் சொல்லிப் பார்த்தார். மனைவி தடுமாறினால் கண்ணைக் காட்டியாவது உதவலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஒரு சொல்லுக்கு ஒரு விரலாக மடக்கிக்கொண்டார்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னாள் நேர்ஸ். எழுபத்தொன்பதில் பெற்றீசியா சிக்கி நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எழுபத்திரண்டு என்றாள். ஒரு கடிகாரம் வரைந்து அதில் ரெண்டரை மணி காட்டச் சொன்னாள். வரைந்தாள். இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாதம், எந்த ஊர் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பெற்றீசியா பதில் சொன்னாள், கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்கிற குரலில்.

"இப்ப அந்த அஞ்சு சொல்லையும் சொல்லுங்க பாப்போம்."

வெளியே யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள்.

"குடை," என்றாள் பெற்றீசியா. "பாலம்... வாழைப்பழம்... நீலம்." கண்ணை இறுக மூடினாள். "இன்னொண்ணு இருக்கு. இருங்க மிஸ், சொல்லிராதீங்க. மணி! மணி."

நேர்ஸ் சிரித்தாள்.

யேசுரட்ணம் மடக்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் நீலம் ஒன்றுதான் இருந்தது. அதுவும் நேர்ஸின் மேசைமேல் ஒரு நீலக் கோப்பை இருந்ததால் ஒட்டிக்கொண்டது. மற்ற நான்கையும் பெற்றீசியா சொல்லச் சொல்லத்தான் கேட்டார். கேட்டபோது, இந்தச் சொற்களை இதற்கு முன்னால் யாரும் தன்னிடம் சொன்னதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

சத்தம் அதிகம், அதனால்தான், என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வாங்கு சுவரோரம் இருக்கு. சரியா கேட்டிருக்காது.

ஆனால் கேட்டிருந்தது. கேட்டுத்தான் விரல் மடக்கினார்.

டொக்டர் சிங்களவர், நடுவயதுப் பெண்மணி. தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மாவுக்கு தைரொயிட் குறைவு. அதுக்கு மாத்திரை இருக்கு. ராத்திரி தூங்குறது எத்தனை மணி?"

பெற்றீசியா தலையைக் குனிந்தாள். மகன் ஜூட்சன் கட்டாருக்குப் போன ஒரு வருஷமாகவே சரியான தூக்கம் இல்லை. அவன் வேலை முடிந்து பேசுகிற நேரம் வரைக்கும் முழித்திருப்பாள். பேசிய பிறகு யோசித்துக்கொண்டே முழித்திருப்பாள். இந்தப் பதினேழு நாளாகத்தான் மகள் போனைப் பிடுங்கி வைக்கிறாள்.

"மகள் செய்றது நல்லது," என்றார் டொக்டர். "தூக்கம், நடை, புதுசா படிக்கிறது, ஆளுங்களோட பேசுறது, எல்லாம் தொடர்ந்து செய்யணும். இப்ப நான் பாக்குறப்போ, பெரிய மறதி நோய் மாதிரி ஒண்ணும் தெரியல. மாத்திரை போட்டு மூணு மாசத்துல வாங்க. வேலைக்குப் போகலாம். கடிதம் தாறேன்."

பெற்றீசியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"இந்தப் பழக்கமெல்லாம் செஞ்சா இனிமே மறதி வராதா டொக்டர்?"

"அப்படி யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனா உதவும். வீட்டுல எல்லாரும் செய்ங்க." டொக்டர் நிமிர்ந்து, பின்னால் நின்றவரைப் பார்த்தார். "ஐயா, நீங்க பிரஷர், சீனி எல்லாம் கடைசியா எப்ப பாத்தீங்க?"

"நான் நல்லாத்தான் இருக்கேன் டொக்டர்," என்றார் யேசுரட்ணம், கேள்வி முடிவதற்கு முன்பே.

வானில் திரும்பி வரும் வழியெல்லாம் பெற்றீசியா பேசிக்கொண்டே வந்தாள். ஜூட்சனிடம் என்ன சொல்வது, பிள்ளைக் காம்பராவில் எந்தப் பிள்ளைக்கு இப்போது பல் முளைத்திருக்கும், துரை என்ன சொல்வார். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு "ம்" கொட்டினார். பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டதால், தலவாக்கலையில் அவளைத் தோட்டத்துப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கடிதத்தைக் கையோடு ஒப்பீஸில் கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு அவசரம்.

பார்மசியில் அரை நாள் லீவு போட்டிருந்த மெரினா, பள்ளிக்கூட வாசலில் வானில் ஏறிக்கொண்டாள்.

"அப்பா! அம்மா போன் பண்ணாங்க. அழுதுகிட்டே சிரிக்கிறாங்க!"

"ஆமா," என்றார் யேசுரட்ணம். "நல்லா செஞ்சா."

அவர் முகத்தை மெரினா சரியாகப் பார்க்கவில்லை. பதினொரு பிள்ளைகளும் பைகளும் தண்ணீர்ப் போத்தல்களுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். வான் கிளம்பியதும் அவள் முன் சீட்டில் உட்கார்ந்து அண்ணனுக்குச் செய்தி எழுத ஆரம்பித்தாள்.

வட்டகொடையில் ஐந்து பேர் இறங்கினார்கள். மீதி ஆறு பேரும் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயங்களுக்குப் போக வேண்டியவர்கள். மலையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. லேசான தூறல். ஃபேக்டரி சந்தியில் ரோடு இரண்டாகப் பிரியும். வலது பக்கம் மேலே ஏறினால் மேல்கணக்கு. இடது பக்கம் இறங்குவது பழைய கொழுந்து லொறிப் பாதை. போன மழையில் பாதி சரிந்து போனதால் தோட்டத்து ஆட்கள் அதை மூடிவிட்டார்கள்.

"வலது பக்கம் அங்கிள்! வலது!"

பின் சீட்டிலிருந்து ஒரு சிறுமியின் குரல். மெரினா போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

வான் இடது பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா! எங்க போறீங்க?"

ரோட்டின் ஓரத்தில் புல் முளைத்திருந்தது. ஒரு வளைவு திரும்பியதும், குறுக்கே கட்டிய கயிறும் அதில் தொங்கிய சிவப்புத் துணியும் தெரிந்தன. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ரோடு இல்லை. வெறும் பனி.

"பிரேக்! அப்பா, பிரேக்!"

வான் ஈர மண்ணில் ஒரு முழம் சறுக்கி, கயிற்றை முட்டாமல் நின்றது. பின்னால் ஒரு போத்தல் உருண்டு வந்து சீட்டுக் காலில் மோதியது.

யேசுரட்ணம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி முன்னால் பார்த்தார். "இது எந்த இடம்?" என்று மெல்லக் கேட்டார்.

மெரினா கதவைத் திறந்து இறங்கினாள்.

பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கி மலைப் பக்கமாக நிறுத்தினாள். பிறகு வானுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கையைக் காட்டிக் காட்டி, "வாங்க... வாங்க... நிப்பாட்டுங்க... வலது ஒடிங்க" என்று சந்தி வரைக்கும் பின்னோக்கியே கொண்டுவந்தாள். ரிவர்ஸ் எடுக்கும்போது அவர் கை பிசகவில்லை. இருபது வருஷக் கை அது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

சந்தி ஓரத்தில் வானை நிறுத்தச் சொல்லிவிட்டு, "நீங்க இங்கயே இருங்கப்பா" என்றாள். ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறினாள்.

குரல் கொடுத்த சிறுமி அவள் பக்கத்திலேயே நடந்தாள். நிலக்ஷி, மேல்கணக்குப் பழனியாண்டியின் மகள். ஆறாம் வகுப்பு.

"என் மேலதான் பிழை அக்கா," என்றாள் நிலக்ஷி. "நான் சொல்ல லேட்டாயிருச்சி."

"என்ன சொல்ல?"

"வலது பக்கம்னு. சந்தி வாறதுக்கு முந்தியே சொல்லிரணும். ஒரு நாளு நான் சொல்லுவேன், ஒரு நாளு தர்ஷன் சொல்லுவான். இன்னைக்கு என்னோட முறை. நான் கொப்பியில படம் வரைஞ்சிக்கிட்டு இருந்துட்டேன்."

மெரினா நின்றுவிட்டாள். "எப்பலருந்து சொல்றீங்க?"

"பொங்கல் லீவு முடிஞ்சதுலருந்து."

"வீட்டுல யார்கிட்டயும் சொல்லலையா?"

நிலக்ஷி செருப்பில் ஒட்டிய மண்ணைக் கல்லில் தேய்த்தாள். "சொன்னா வேற வான்ல போட்டுருவாங்க. அங்கிள் பாவம்ல அக்கா."

மெரினா அவள் பையை வாங்கிச் சுமந்துகொண்டாள். கடைசிப் பிள்ளையை லயத்து வாசலில் தாயின் கையில் ஒப்படைத்துவிட்டு, திரும்பி வரும்போது ஓட்டமும் நடையுமாக வந்தாள். அம்மா அடுப்பை அணைக்க மறந்தது எத்தனை தரம், சாவியைத் தொலைத்தது எத்தனை தரம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ராத்திரியும் அம்மா பதில் சொன்னாள், மெரினாவும் பதில் சொன்னாள். அப்பா கேட்டார். ஒரு நாளாவது அப்பா பதில் சொன்னாரா?

அவர் அதே சீட்டில், விட்டுப்போன மாதிரியே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் தூறல் வழிந்தது. மெரினா பக்கத்துச் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"பிள்ளைங்க?"

"வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அம்மாகிட்ட அந்த நேர்ஸ் அஞ்சு சொல்லு கேட்டுச்சி," என்றார் அவர். "நானும் மனசுல வச்சிக்கிட்டேன். ஒண்ணுதான் வந்திச்சி."

"எத்தனை நாளாப்பா இப்படி?"

"தெரியல. ஓட்டுறது மறக்கல. கியர், பிரேக், எல்லாம் கை தானா செய்யிது. சில நேரம் ரோடு மட்டும் புதுசா இருக்கு. கொஞ்ச நேரத்துல சரியாயிரும். பிள்ளைங்க சொல்லும். நான் பகிடி பண்ற மாதிரி சிரிச்சிக்கிட்டே திருப்பிருவேன்."

"ராத்திரி எங்ககிட்ட கேள்வி கேட்டீங்களே."

"நான் கேட்டுக்கிட்டே இருந்தா, என்கிட்ட யாரும் கேக்க மாட்டீங்கல்ல."

மெரினா அழக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதுவிட்டுத்தான் திரும்பினாள்.

"அம்மாவுக்கும் பெருசா என்னமோன்னுதான் பயந்தோம். மாத்திரையில வந்து நிக்கல? உங்களுக்கும் சீனியா இருக்கலாம், பிரஷரா இருக்கலாம். பாக்காம எப்படிப்பா தெரியும்?"

"பாத்து, அது இல்லன்னா?"

அந்தக் கேள்விக்கு அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளில் பதில் இல்லை. மெரினா கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க."

"நாளைக்குக் காலையில பதினொரு பிள்ளைங்க ரோட்டுல வந்து நிக்கும், மெரினா."

"நிக்கட்டும். வராதுன்னு சொல்லுவோம்."

"என்னன்னு சொல்லுவ? இந்த வேலையை விட்டா எனக்கு என்ன தெரியும்?"

"தெரியலப்பா. ஆனா அந்தக் கயித்துக்கு அந்தப் பக்கம் என்ன இருந்திச்சின்னு நான் பாத்தேன்."

அவர் சாவியைக் கழற்றி, அவள் கையில் வைக்காமல், இரண்டு சீட்டுக்கும் நடுவில் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டாள்.

வீடு அங்கிருந்து ஒன்றரைக் கட்டை தூரம். வானைச் சந்தியிலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். வழியில் ஒரே ஒரு தரம்தான் அவர் வாயைத் திறந்தார்.

"அம்மாகிட்ட இன்னைக்கு வேணாம். எத்தனை நாளைக்கப்பறம் இன்னைக்குத்தான் சிரிச்சிருக்கா."

மெரினா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதுக்குப் பிறகு பிடித்ததில்லை. அந்தக் கை குளிர்ந்து கிடந்தது.

வீட்டு வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி வாசம். காலடிச் சத்தம் கேட்டதும் பெற்றீசியா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"திங்கக்கிழமையிலருந்து வரச் சொல்லிட்டாங்க! தொரை எந்திரிச்சி நின்னு பேசுனாரு, தெரியுமா? பிள்ளைங்களோட தாய்மாருங்களே போயி கேட்டாங்களாம், எங்களுக்கு அந்த டீச்சர்தான் வேணும்னு." மூச்சு வாங்கியது. நனைந்த தலைகளை அப்போதுதான் கவனித்தாள். அவர்களுக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தாள். "ஏன் நடந்து வாறீங்க? வான் எங்கங்க?"

"சந்தியில நிக்கிது," என்றார் யேசுரட்ணம்.

"ரிப்பேரா?"

மெரினா வாயைத் திறந்தாள். அப்பா அவள் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு, விட்டார்.

"வானுக்கு ஒண்ணும் இல்ல, பெற்றீசியா."

சிரிப்பு மாறாமலே படியில் ஒரு கால் இறங்கியவள், அவர் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள்.